41 நாள் குடிக்காமல் இருந்தவர் சனிக்கிழமை குடித்துவிட்டார். கையில் இந்த அட்டை இருக்கிறது, என்ன செய்வது?

தையல்மெஷின்_காரிமங்கலம் | திங்கள், இரவு 10:12

வணக்கம். நாலு மாதமாக இங்கே படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்காரர் கொத்தனார். ஞாயிறு இரவு பஸ் ஏறி பெங்களூர் போவார், சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு வருவார். பதினோரு வருடக் குடி. வைகாசியில் ஒரு மறுவாழ்வு மையத்தில் 30 நாள் சேர்த்திருந்தோம். வெளியே வந்தபிறகு 41 நாள் ஒரு சொட்டு இல்லை. என் பெண் காலண்டரில் கட்டம் கட்டமாக அடித்துக்கொண்டே வந்தாள்.

மையத்தில் கடைசி வாரம் ஒரு அம்மா வந்து டி.பி.டி. என்று நாலு வகுப்பு எடுத்தாராம். போகும்போது ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். கிழமை வாரியாகக் கட்டம், மேலே ‘ஆசை 0 முதல் 5’, ‘உணர்ச்சி’, ‘பயன்படுத்திய திறன்’ என்று அச்சடித்திருக்கிறது. எப்படி நிரப்புவது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. இவர் அஞ்சாவதுவரை படித்தவர். அட்டை காலியாகவே சட்டைப்பையில் இருக்கிறது. துவைக்கும்போது எடுத்து வைப்பேன், காய்ந்ததும் அதே பையில் போட்டுவிடுவேன்.

போன சனிக்கிழமை குடித்துவிட்டு வந்தார். ஞாயிறும் குடித்தார். கேட்டதற்கு, ‘தலைக்கு மேல வெள்ளம் போயிடுச்சு, இனி சாண் என்ன முழம் என்ன’ என்றார். வேலைக்குப் போகவில்லை. இன்று காலையிலிருந்து குடிக்கவில்லை, ஆனால் கை நடுங்குகிறது. மாமியார் யாரிடமோ மாத்திரை வாங்கி வைத்திருக்கிறார், பொடி செய்து குழம்பில் கலக்கலாம் என்கிறார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நைட்ஷிப்ட்_நர்ஸ் | திங்கள், இரவு 10:31

அக்கா, அட்டை அப்புறம். முதலில் இரண்டு விஷயம்.

குழம்பில் எதையும் கலக்காதீர்கள். அது டைசல்ஃபிரம் மாத்திரையாக இருக்கும். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நல்ல மாத்திரைதான், ஆனால் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் ஈரலையும் இதயத்தையும் பார்த்தபிறகு கொடுப்பது. அத்தையிடம் பொறுமையாகச் சொல்லி அதை வாங்கி வைத்துவிடுங்கள்.

இரண்டாவது கை நடுக்கம். பல வருடம் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போது முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள்வரை சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். இரண்டு நாள் குடிதானே என்று விடவேண்டாம். வேர்த்துக் கொட்டினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, இன்று என்ன கிழமை என்று கேட்டால் உளறினாலோ உடனே 108. இல்லையென்றால் காலையில் முதல் வேலையாகத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். நடுக்கத்துக்கு மாத்திரையும், பி1 வைட்டமின் ஊசியும் கொடுப்பார்கள். உடம்பு நிதானத்துக்கு வந்தபிறகுதான் மனசுக்குச் சொல்வது ஏறும்.

தையல்மெஷின்_காரிமங்கலம் | செவ்வாய், மாலை 4:05

போய் வந்துவிட்டோம். ஊசி போட்டு, அஞ்சு நாளுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தூங்குகிறார். மாமியார் மாத்திரையைக் கொடுத்துவிட்டார், கொஞ்சம் அழுதார். இப்போது அந்த அட்டையைப் பற்றி யாராவது சொல்லுங்கள்.

ஓசூர்_ஆலோசகர் | செவ்வாய், இரவு 9:20

நான் மனநல ஆலோசகர், ஏழு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை அரைகுறையாகச் சொல்லி அனுப்பியதால்தான் உங்கள் வீட்டில் அட்டை காலியாக இருக்கிறது.

டி.பி.டி. என்பது டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி. தமிழில் இயங்கியல் நடத்தை சிகிச்சை என்று எழுதுகிறார்கள். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கியது. 1993இல் அதன் கையேடு வெளிவந்தது. திரும்பத் திரும்பத் தற்கொலைக்கு முயலும், உணர்ச்சி கட்டுக்கடங்காத பெண்களுக்காக ஆரம்பித்தது. அவரே சின்ன வயதில் மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவர்தான் என்பதை 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். அப்புறம் போதைப் பழக்கமும் சேர்ந்தவர்களுக்காக அதை மாற்றியமைத்தார்கள். அந்த ஆய்வுகள் 1999இலும் 2002இலும் வந்தன.

இதன் மூச்சு ஒன்றுதான். ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும் இரண்டு உண்மைகளை ஒரே கையில் பிடிப்பது. ‘நீ இப்போது இருக்கிறபடியே உன்னை ஏற்கிறேன்’ என்பது ஒன்று. ‘நீ மாறியே ஆகவேண்டும்’ என்பது இன்னொன்று. குடிக்கு இதையே பொருத்தினால்: முழுசாக நிறுத்துவதுதான் இலக்கு, அதில் ஒரு சொட்டுக்கும் பேரம் இல்லை. ஆனால் சறுக்கிவிட்டால் அந்த நிமிடமே எழுந்து, மறுபடி முழு நிறுத்தத்துக்கு வரவேண்டும். விளையாட்டு வீரன் ஒவ்வொரு ஆட்டத்தையும் ஜெயிக்கத்தான் இறங்குகிறான். தோற்றால் மைதானத்தை விட்டு ஓடிவிடுவதில்லை.

உங்கள் வீட்டுக்காரர் சொன்ன ‘சாண் என்ன முழம் என்ன’ இருக்கிறதே, அதுதான் உண்மையான எதிரி. சனிக்கிழமைக் குடியைவிட ஞாயிற்றுக்கிழமைக் குடி ஆபத்தானது. சனிக்கிழமை குடித்தது ஆசையால். ஞாயிறு குடித்தது வெட்கத்தால். 41 நாளும் வீணாகிவிட்டது என்ற எண்ணம்தான் இரண்டாவது பாட்டிலைத் திறக்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் ஆலன் மார்லட் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். டி.பி.டி.யில் மூன்று மனம் என்பார்கள். போதை மனம் தெரிந்ததுதான். நிறுத்தியதும் வருவது சுத்த மனம். ‘நான் விட்டாச்சு, இனி எனக்கு ஒன்றும் ஆகாது’ என்று நெஞ்சை நிமிர்த்துகிற மனம். கடைவாசலில் நின்று பேசினாலும் பரவாயில்லை என்று நினைப்பது அதுதான். மூன்றாவது தெளிந்த மனம்: நிறுத்தியிருக்கிறேன், ஆனால் சறுக்கக்கூடியவன் என்பதை மறக்கவில்லை. 41ஆவது நாள் உங்கள் வீட்டுக்காரர் எந்த மனத்தில் இருந்தார் என்று கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள்.

தோத்தாபுரி | செவ்வாய், இரவு 10:48

தங்கச்சி, நான் கிருஷ்ணகிரி. மாங்கூழ் ஆலையில் வேலை. நாலு வருடமும் சில மாதமும் ஆகிறது குடிக்காமல். பெங்களூர் நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் போதை சிகிச்சைப் பிரிவில் சேர்ந்து, அப்புறம் ஒருவருடம் வாராவாரம் ஒரு தெரபிஸ்டிடம் போனேன். மேடம் சொன்னதையெல்லாம் நான் உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

எனக்கு முதலில் கைகொடுத்தது தண்ணீர். ஆசை நாலு, அஞ்சு என்று ஏறும்போது புத்திமதி எதுவும் காதில் விழாது. ஒரு அகலமான குண்டானில் ஐஸ் போட்ட தண்ணீர். மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நெற்றி, கண், கன்னம் நனையும்படி முகத்தை உள்ளே வைக்கவேண்டும், எண்ணி முப்பது. தண்ணீரில் முழுகினால் இதயத் துடிப்பு தானாகக் குறைகிற ஏற்பாடு நம் உடம்பிலேயே இருக்கிறது. நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்த குதிரை நின்ற மாதிரி இருக்கும். வீட்டில் ஐஸ் இல்லாத நாளில் பானைத் தண்ணீர். பஸ்ஸில் என்றால் கடையில் உறைந்த தண்ணீர் பாட்டில் வாங்கி, குனிந்து கண்ணுக்குக் கீழே அழுத்திப் பிடிப்பேன். பக்கத்து சீட்காரர் பல்வலியா என்று கேட்பார், ஆமாம் என்பேன்.

தண்ணீர் ஆசையைப் போக்காது, கொஞ்ச நேரம் வாங்கிக்கொடுக்கும். அந்த நேரத்துக்குள் ஆசையின் போக்கைப் பார்க்கவேண்டும். தெரபிஸ்ட் இதைக் கடல் அலை மேல் பலகையில் நிற்பதுபோல என்று சொன்னார். நாம் கடலைக் கண்டோமா? எனக்குப் பரிசல்தான் புரிந்தது. என் மாமா ஒகேனக்கல்லில் பரிசல் போட்டவர். இழுப்பை எதிர்த்துத் துடுப்புப் போட்டால் கைதான் ஓயும், அதன் போக்கில் விட்டுக் கரைப்பக்கமாகச் சாய்த்துக்கொண்டே வரவேண்டும் என்பார். ஆசையும் அப்படித்தான், ஏறும், நிற்கும், இறங்கும். எனக்குப் பெரும்பாலும் அரைமணிக்குள் இறங்கிவிடும். குடித்து அடக்கிய காலத்தில் அது தானாக இறங்கும் என்பதே எனக்குத் தெரியாது.

அடுத்தது பாலத்தை எரிப்பது. போதைக்குப் போகிற வழி ஒவ்வொன்றையும் நாமே கொளுத்திவிட்டு நிற்கவேண்டும். கோழிக்கூண்டு மேல்தகரத்துக்கு அடியில் ஒரு குவார்ட்டர் ஒளித்து வைத்திருந்தேன், ‘அவசரத்துக்கு’. அதை என் சம்சாரத்திடம் நானே எடுத்துக் கொடுத்த நாள்தான் நான் உண்மையாக நிறுத்திய நாள். அதற்கு முன்னால் ஒருமாதம் குடிக்கவில்லைதான், ஆனால் கதவு திறந்தே இருந்தது. அப்புறம் மூன்று பேர் நம்பரை அழித்தேன். சம்பளம் அவள் கணக்குக்கே போகும்படி சொன்னேன். கடை இருக்கிற தெருவை விட்டு ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றி வேலைக்குப் போனேன், இன்றும் அப்படித்தான் போகிறேன்.

நைட்ஷிப்ட்_நர்ஸ் | செவ்வாய், இரவு 11:15

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இதய நோய் உள்ளவர்கள், துடிப்பைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது.

பெரியவர்_தருமபுரி | புதன், காலை 6:10

அம்மா, நான் 22 வருடமாக, குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகிறவன். உங்கள் வீட்டுக்காரர் நலமாகவேண்டும் என்று மனசார வேண்டிக்கொள்கிறேன்.

ஆனால் ஆலோசகர் அம்மா சொன்னதில் எனக்கு ஒன்று உறுத்துகிறது. ‘சறுக்கினால் என்ன செய்வது’ என்று முன்கூட்டியே ஒரு குடிகாரனிடம் பேசினால், அவன் காதில் ‘சறுக்கலாம்’ என்றுதான் விழும். என் காதில் அப்படித்தான் விழுந்திருக்கும். எங்கள் இயக்கம் 1935இலிருந்து இருக்கிறது. முதல் கிளாஸைத் தொடாதே, இன்று ஒரு நாள் மட்டும் தொடாதே, இதைத்தான் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். நான் 22 வருடத்தில் எத்தனையோ பேரை மயானத்துக்குத் தூக்கிப் போயிருக்கிறேன். அவர்களில் பாதிப்பேர் ‘ஒரே ஒரு தடவை’ என்றவர்கள். வெளிநாட்டுப் படிப்பைக் குறை சொல்லவில்லை. பயமாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

ஓசூர்_ஆலோசகர் | புதன், மதியம் 1:40

ஐயா, உங்கள் பயம் நியாயமானது. இந்தச் சிகிச்சையைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். அதனால் வரிசை முக்கியம். முதலில் சத்தியம், அதுவும் நிபந்தனை இல்லாத சத்தியம். எவ்வளவு நேரத்துக்கு உறுதியாகச் சொல்லமுடியுமோ அவ்வளவு நேரத்துக்கு. ஒரு நாள் என்றால் ஒரு நாள், அஞ்சு நிமிடம் என்றால் அஞ்சு நிமிடம், முடிந்ததும் மறுபடி. உங்கள் ‘இன்று ஒரு நாள்’ இதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. குடிக்காமல் இருக்கும்வரை சறுக்கலைப் பற்றிப் பேச்சே கிடையாது. மனசின் ஒரு மூலையில் அந்தத் திட்டம் மடித்து வைக்கப்பட்டிருக்கும், வீட்டில் தீயணைப்புக் கருவி மாட்டியிருப்பதுபோல. மாட்டியிருப்பதால் யாரும் தீ வைப்பதில்லை.

நீங்கள் தூக்கிப் போனவர்களை நினைத்துப் பாருங்கள் ஐயா. அவர்கள் ஒரே தடவையில் போய்ச் சேர்ந்தார்களா? அந்த ஒரு தடவைக்குப்பின் வெட்கப்பட்டுக் கூட்டத்துக்கு வராமல், யார் முகத்திலும் விழிக்காமல், மூன்று மாதம் குடித்தே போனவர்கள் எத்தனை பேர்?

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். குடிக்கிற எல்லாருக்கும் டி.பி.டி. தேவை என்று நான் சொல்லமாட்டேன். உணர்ச்சிக் கொந்தளிப்பும், தன்னையே காயப்படுத்திக்கொள்வதும் சேர்ந்தவர்களுக்குத்தான் இது அதிகம் பயன்பட்டிருக்கிறது. அதோடு முழு டி.பி.டி. என்றால் வாரம் ஒருமுறை தனியாக, வாரம் ஒருமுறை குழு வகுப்பு, நடுவில் அவசரத்துக்குப் போன், சிகிச்சை தருபவர்களுக்கே ஒரு குழு என்று சுமார் ஒரு வருடம் போகும். நாலு வகுப்பு எடுத்து அட்டை கொடுத்தது அந்தச் சிகிச்சை ஆகாது, அதிலிருந்து எடுத்த சில திறன்கள் மட்டும்தான். அந்தத் திறன்களும் வீணில்லை. மருந்தோடும், உங்களைப் போன்றவர்களின் கூட்டத்தோடும் சேர்ந்து நிற்கும்.

தொப்பூர்_இறக்கம் | புதன், இரவு 8:02

நான் லாரி ஓட்டுகிறேன். என் தம்பிக்கு வயது 20. சாராயம் இல்லை, வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிறான். கையெல்லாம் கட்டி. அவனுக்கும் இது ஆகுமா?

நைட்ஷிப்ட்_நர்ஸ் | புதன், இரவு 8:40

அண்ணா, அது ஓபியாய்டு வகை, அதாவது அபின், ஹெராயின் இனத்தைச் சேர்ந்தது. டி.பி.டி.யின் அந்த 2002 ஆய்வே ஹெராயின் பழக்கம் உள்ளவர்களை வைத்துத்தான், அதுவும் மாற்று மருந்தோடு சேர்த்துக் கொடுத்தது. இங்கே அப்படி மாற்றாகக் கொடுக்க புப்ரினார்ஃபின் போன்ற மருந்து உண்டு. மருந்து இல்லாமல் வெறும் மனப்பயிற்சி என்று அவனை உட்காரவைக்காதீர்கள். கொஞ்ச நாள் விட்டுவிட்டு மறுபடி பழைய அளவே போட்டால் மூச்சு நின்றுவிடலாம், அது அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். கட்டிகளைக் காட்டுங்கள். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைப் பரிசோதனையும் எடுங்கள். போதையிலிருந்து மீள இலவச உதவி எண் 14446, மனநலத்துக்கு 14416. 14416இல் தமிழில் பேசலாம்.

தையல்மெஷின்_காரிமங்கலம் | வியாழன், இரவு 9:55

கேட்டேன் மேடம். திட்டாமல் கேட்டேன். ராகிக் களி கிண்டிப் போட்டு, சாப்பிட்டு முடித்தபின் கேட்டேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

வியாழன், வெள்ளி இரண்டு இரவும் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள், தூக்கம் இல்லை. சனிக்கிழமை மதியம் சாப்பிடவில்லை. மேஸ்திரி கூலியில் 1,500 பிடித்துக்கொண்டு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றிருக்கிறார். எல்லார் எதிரிலும். இவர் ஒன்றும் சொல்லவில்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது நான் போன் செய்தேன். ‘எவ்வளவு கொண்டு வர்றீங்க, நாளைக்குச் சீட்டு கட்டணும்’ என்று கேட்டேன். அது எனக்கு இப்போது குத்துகிறது. அங்கே தருமபுரி பஸ் நின்றது, ஏறியிருந்தால் நம்மூரில் இறங்கியிருக்கலாம். இவர் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறியிருக்கிறார். ஏன் என்றால், அதில் உட்கார இடம் இருந்தது என்றார். கிருஷ்ணகிரியில் இறங்கி, பசிக்கிறதே என்று பழைய சிநேகிதன் சில்லி சிக்கன் வண்டிக்குப் போயிருக்கிறார். வண்டி எங்கே நிற்கிறது என்று நான் சொல்லவேண்டியதில்லை. ‘சிக்கன் சாப்பிடத்தான் போனேன், சத்தியமா’ என்றார். எனக்கு அதை நம்பத் தோன்றுகிறது.

ஓசூர்_ஆலோசகர் | வெள்ளி, காலை 7:15

நம்புங்கள். பொய் இல்லை. நீங்கள் எழுதியது டி.பி.டி.யில் நாங்கள் சங்கிலி ஆய்வு என்று செய்வதேதான்.

ஒவ்வொரு கண்ணியாகப் பாருங்கள். தூக்கமில்லாததும் பசியும் உடம்பைத் தளர்த்தி வைத்துவிட்டன. கூலிப் பிடிப்பு தீப்பொறி. அதன் அடியில் இருந்தது கோபம் மாதிரித் தெரிந்தாலும் அவமானம். எல்லார் எதிரிலும் வாய் திறக்காமல் நின்றது. பிறகு உங்கள் போன். அக்கா, அது ஒரு கண்ணி, அவ்வளவுதான். காரணம் நீங்கள் இல்லை. சீட்டுப் பணத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எனக்கு முக்கியமாகத் தெரிவது கிருஷ்ணகிரி பஸ். உட்கார இடம் இருந்தது என்பது உண்மையான காரணம்தான். ஆனால் அந்த முடிவை எடுத்தபோது அவர் ஏற்கெனவே பாதிவழி குடிக்கப் போயிருந்தார், அது அவருக்கே தெரியாது. சம்பந்தமில்லாததுபோலத் தோன்றும் இப்படிச் சின்ன முடிவுகளில்தான் குடி தொடங்குகிறது. கிளாஸ் கைக்கு வந்தபிறகு தடுப்பது மலையைத் தள்ளுவது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் தடுப்பது ஒரு பஸ்ஸை மாற்றுவது.

எனவே அவர் வேலைக்குத் திரும்பியபின் வரும் சனிக்கிழமைக்கு இப்போதே அவரோடு உட்கார்ந்து, எந்தக் கண்ணியை எங்கே வெட்டுவது என்று பேசுங்கள். மதியச் சாப்பாடு. கூலி போனில் உங்கள் கணக்குக்கு. தருமபுரி பஸ், நின்றுகொண்டே வந்தாலும் சரி. ஓசூரில் இறங்கியதும் அவரே கூப்பிட்டு ஆசை எத்தனை என்று ஒரு எண் சொல்லட்டும். அந்த நேரத்தில் நீங்கள் பணம் கேட்காதீர்கள், எண்ணை மட்டும் கேளுங்கள். பையைச் சோதிப்பது, வாயை முகர்வது வேண்டாம். போலீஸ் வேலையும் மனைவி வேலையும் சேர்த்துச் செய்தால் நீங்கள் உடைந்துவிடுவீர்கள். என்றைக்காவது கை நீட்டினால் அது வேறு விஷயம், அப்போது பெண்கள் உதவி எண் 181.

தோத்தாபுரி | வெள்ளி, இரவு 9:30

ஒன்று சேர்க்கிறேன். விசேஷ வீடுகள். காது குத்து, கறிவிருந்து என்றால் பங்காளிகள் விடமாட்டார்கள். முதல் வருடம் ‘மாத்திரை சாப்பிடறேன்’ என்று சொல்லித் தப்பித்தேன். அது தப்பு. ‘மாத்திரை முடிஞ்சதும் வா மாப்ளே’ என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள். பிறகு தெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி ஒரே வரி, ‘நான் குடிக்கறதில்ல மாமா, ஒரு சோடா குடுங்க.’ காரணம் இல்லை, விளக்கம் இல்லை. அவர் மூன்று விதமாகக் கேட்டாலும் நான் அதே வரி, அதே குரல், முகம் சிரித்தபடி. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன், என் பையன் மாமாவாக நடித்தான். நாலாவது தடவைக்குமேல் யாரும் கேட்டதில்லை.

மேஸ்திரியிடம் கூலி கேட்பதற்கும் இதே பயிற்சிதான் தங்கச்சி. நடந்ததைச் சொல்லி, வேண்டியதைச் சொல்லி, நிறுத்தவேண்டும். ‘அஞ்சு நாள் வேலை பார்த்தேன், 1,500 குறையுது, திங்கக்கிழமை வேணும்.’ அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு நின்றதுதான் அன்றைக்கு அவரைக் குடிக்க வைத்தது. என் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், அவரிடம் கொடுங்கள்.

தையல்மெஷின்_காரிமங்கலம் | அடுத்த வாரம் சனி, இரவு 11:20

ஒரு வாரமாக எழுதவில்லை, மன்னிக்கவும். சாயந்திரம் நடந்ததையும் புதன்கிழமை நடந்ததையும் சொல்கிறேன்.

அட்டையை இவர் தன் வழியில் எழுதுகிறார். எண் போடுவது பிடிக்கவில்லை. கட்டத்துக்குள் பென்சிலால் செங்கல் வரைகிறார். ஆசை இரண்டு என்றால் இரண்டு வரிசை, நாலு என்றால் நாலு வரிசை, கொத்தனார் பிணைத்துக் கட்டுகிற மாதிரியே ஒன்று மாற்றி ஒன்று. திங்கள் ஒரு வரிசை. செவ்வாய் இரண்டு. புதன்கிழமைக் கட்டத்தில் அஞ்சு வரிசை, மேல் கல்லில் ஒரு குறுக்குக் கோடு.

புதன்கிழமை குடித்திருக்கிறார். கூட வேலை செய்கிறவன் வாங்கிவந்த குவார்ட்டரில் பாதி. அன்று இரவு 9:40க்கு எனக்குப் போன் செய்தார். ‘குடிச்சுட்டேன். மீதியைக் கீழ ஊத்திட்டேன். அண்ணன்கிட்டயும் பேசிட்டேன்’ என்றார். அண்ணன் என்றது தோத்தாபுரி அண்ணனை. நான் ஒன்றும் பேசமுடியாமல் நின்றேன். அவரே சொன்னார், ‘தலைக்கு மேல இல்ல, முழங்கால் தண்ணிதான். கரை ஏறிட்டேன்.’ பதினோரு வருடத்தில் குடித்ததை இவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. வியாழன் காலையில் வேலைக்குப் போயிருக்கிறார்.

இன்று 7:50க்கு ஓசூரிலிருந்து போன். ‘நாலு வரிசை’ என்றார். நான் பணம் கேட்கவில்லை. பஸ் நிற்கிறதா என்றேன். நிற்கிறது, கூட்டம் என்றார். நின்றுகொண்டே வந்து இறங்கினார். கையில் பாதி உருகிய தண்ணீர் பாட்டில். சட்டைக் காலர் முழுக்க ஈரம். மேஸ்திரி 1,500இல் ஆயிரம் கொடுத்துவிட்டாராம்.

பெண் காலண்டரைக் காட்டி, 41ஐ அழிப்பதா வைப்பதா என்று கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?

பெரியவர்_தருமபுரி | ஞாயிறு, காலை 5:50

வைக்கச் சொல்லுங்கள் அம்மா. அந்த 41 நாளும் அவர் வாழ்ந்த நாள்.

நான் சொன்னதிலிருந்து முழுசாக மாறிவிட்டேன் என்று சொல்லமாட்டேன், எங்கள் கூட்டத்தில் நாங்கள் எண்ணுகிற விதம் வேறு. ஆனால் புதன்கிழமை இரவு 9:40க்கு அவர் போன் செய்ததைப் படித்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு மாலை தருமபுரியில் கூட்டம் உண்டு. பஸ் ஏறுவதற்குமுன் ஒரு மணி நேரம் வரட்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து நானே கூட்டிப்போகிறேன்.

ஓசூர்_ஆலோசகர் | ஞாயிறு, காலை 8:30

போகட்டும் அக்கா, இரண்டும் சேர்ந்து நல்லது. மனநலப் பிரிவில் அடுத்த தேதியையும் விடாதீர்கள், ஆசையைக் குறைக்கிற மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள். புதன்கிழமைச் சங்கிலியை மட்டும் இன்று பஸ் ஏறுமுன் அவரே எழுதட்டும். நீங்கள் கேட்டு எழுதவேண்டாம்.

தையல்மெஷின்_காரிமங்கலம் | ஞாயிறு, காலை 10:05

எழுதிக்கொண்டிருக்கிறார். என் துணி அளவு எடுக்கிற நோட்டில் கடைசிப் பக்கம். முதல் வரி, ‘மதியம் சாப்பிடல’. இரண்டாவது வரியில் பென்சிலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறார். நான் மெஷினை நிறுத்திவிட்டேன், சத்தம் தொந்தரவாக இருக்கக்கூடாது என்று.